அவள் பூச்சி, என் பூச்சி

என் தங்கை என்னைவிட ஒரு வயது சின்னவள். இருந்தும் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பாக இருந்த பதினொன்றாம் வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு வருடப் படிப்பு வீணாய்ப் போனதால் வந்த வினை அது. நான் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு மோர்ச்சோறு தின்று படுத்துக் கிடந்த வருடத்தில், அவள் பாட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் சும்மா இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. கணக்கில் அவள்தான் முதல், இங்கிலீஷில் அவள்தான் முதல், கையெழுத்துக்கு ஒரு பரிசு, பாட்டுக்கு ஒரு பரிசு. நான் என்ன செய்தாலும் "உன் தங்கச்சியப் பாரு" என்பார்கள். பார்க்காமல் எங்கே போவது? காலையில் கண் விழித்தால் அவள் முகம்தானே பக்கத்துப் பாயில்.

பொறாமையை மற்றவர்கள் எப்படித்தான் மறைத்துக்கொள்கிறார்களோ, எனக்குத் தெரியாது. எனக்கு அது முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருக்கும். அவள் மார்க் வாங்கினால் வயிறு எரியும். வாங்காமல் போனாலும் எரியும், ஏனென்றால் உடனே எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு யாரும் ஆறுதல் சொன்னதே இல்லை. நான் மார்க் குறைவாக வாங்குவது எல்லாருக்கும் பழகிப் போயிருந்தது.

எங்கள் வீடு கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால், முள்வேலி போட்ட சின்ன மனையில் இருந்தது. நைனா அதுவரை அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் போக ஆரம்பித்தார். அம்மா அரிசி மில்லில் நெல் காயப் போடும் வேலைக்குப் போனாள். பொழுது விடிந்தால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் கறவை மாடு ஒன்று, எங்களுக்குக் கீழே இரண்டு தம்பிகள். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்ததால் நானும் தங்கையும் மாற்றி மாற்றி ஓடி வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டோம். ஆனால் காலேஜ் என்றால் மெட்ராஸுக்கு ரயிலில் போக வேண்டும். காலையில் போனால் இருட்டித்தான் திரும்ப முடியும்.

அந்தப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் அம்மா பெரியபாளையத்து அம்மனைக் கூப்பிடுவாள். நைனாதான் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து முடிவாகச் சொன்னார்.

"ரெண்டு பேரும் காலேஜுக்குப் போய்ட்டீங்கன்னா ஊட்ட யாரு பாக்கறது? மாட்ட யாரு பாக்கறது? ஒருத்திதான் போவ முடியும். மார்க்கப் பாத்தா சின்னவதான் போவணும். ஆனா பெரியவ காமாலயில படுத்தது அவ தப்பு இல்ல. அதனால மார்க்க வச்சி நான் சொல்ல மாட்டேன்."

"பின்ன எத்த வச்சி சொல்லுவ?" என்றாள் அம்மா.

"திருவள்ளூர்ல இன்னாமோ சயின்ஸ் எக்ஸிபிஷன் வருதாமே. அதுல யாரு பேர் போட்ட சர்டிபிகேட்டு இந்த ஊட்டுக்கு வருதோ, அவ காலேஜு. இன்னொருத்தி ஊடு. இதுக்கு மேல என்ன பேஜாரு பண்ணாதீங்க."

அவர் நியாயமாகப் பேசியதாகத்தான் நினைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தாராம். அவளோடு நிற்கிற போட்டியில் எனக்கு என்ன பெரிய வாய்ப்பு? தங்கை தலையைக் குனிந்து தட்டில் இருந்த கறிவேப்பிலையை ஒதுக்கினாள். இவள் ஜெயித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் இப்படி அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் சயின்ஸ் சார் ஆளுக்கொரு தலைப்பைக் கொடுத்தார். சிலருக்குத் தவளை, சிலருக்கு விதை முளைப்பது, ஒரு பையனுக்குக் கொசுப் புழு. நாங்கள் ஒரே வீடு என்பதால் இருவருக்கும் சேர்த்து ஒரே தலைப்பு: சிலந்தியின் நடத்தையும் வலை பின்னும் முறையும். ஆளுக்கொரு சிலந்தியைப் பிடித்துப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மேஜைக்குப் பின்னால் நின்று பேச ஒருவருக்குத்தான் இடம், யார் நன்றாகச் செய்கிறார்களோ அவர்கள் பேசலாம், பேசுகிறவர் பேரில்தான் சர்டிபிகேட் என்றும் சொன்னார். சாருக்கு எங்கள் வீட்டு ஒப்பந்தம் தெரியாது. தெரிந்திருந்தால் தவளையையாவது எனக்குத் தனியாகக் கொடுத்திருப்பார்.

தங்கை மறுநாள் காலையிலேயே தன் சிலந்தியைக் கண்டுபிடித்துவிட்டாள். முள்வேலிக்கும் துணி உலர்த்தும் கம்பத்துக்கும் நடுவே, மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் பட்டை போட்ட ஒரு சின்னப் பூச்சி வட்டமாக வலை கட்டித் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல வைத்திருக்கும். உடம்பு விரல் நகத்தளவுகூட இல்லை. "அய்ய, இதானா?" என்றேன் நான். அவள் கோணியை மடித்துப் போட்டு வலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அதைவிடப் பெரிய பூச்சி வேண்டும் என்று தோன்றியது. அப்போது என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. நகத்தளவு பூச்சியே முறம் அகலத்துக்கு வலை கட்டுகிறது என்றால், உள்ளங்கை அகலப் பூச்சி எவ்வளவு பெரிதாகக் கட்டும்? வைக்கோல் வைத்திருந்த கொட்டகைச் சுவரில் ஒன்று இருந்தது. தட்டையாக, பழுப்பாக, காலை விரித்தால் என் கை அகலத்துக்கு வரும். எங்கள் வீடுகளில் ராத்திரி விளக்கு வைத்ததும் சுவரில் ஓடுமே, கரப்பான் பிடித்துத் தின்னுமே, அந்தப் பூச்சிதான். அம்மா அதைக் கண்டால் துடைப்பத்தைத் தூக்குவாள். மேலே மூத்திரம் பெய்துவிட்டால் கொப்புளம் வரும் என்பது அவளுடைய பயம். நான் ஒரு சொம்பைக் கவிழ்த்து அதைப் பிடித்தேன். டீத்தூள் வந்த பலகைப் பெட்டி ஒன்றில் விட்டு, உடைந்துபோன சாமி படத்தின் கண்ணாடியை அதன் வாய்க்கு வைத்துக் கட்டினேன்.

நைனா குனிந்து பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, ஆட்டுக்குட்டி மாதிரி கீது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கையின் பூச்சியைப் பார்த்து நைனா அப்படி எதுவும் சொல்லவில்லையே.

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். இன்றைக்குக் கட்டும், நாளைக்குக் கட்டும் என்று காத்திருந்தேன். பெட்டிக்குள் குச்சி வைத்தேன், முருங்கைக் கொப்பு வைத்தேன், நூல்கூடக் கட்டிக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கட்டும் என்று. அது ஒரு மூலையில் சப்பையாக ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. கரப்பானைப் போட்டால் மட்டும் பாய்ந்து பிடிக்கும். தின்று முடித்துவிட்டு மறுபடியும் அதே மூலைக்குப் போய்விடும்.

வேலிப் பக்கம் நடந்ததோ வேறு கதை. பால் கறப்பது பெரியவள் என்ற முறையில் என் வேலை. விடியாத நேரத்தில் மாட்டுக்கு இந்தப் பக்கம் நான் குந்தியிருப்பேன், அந்தப் பக்கம் அரிக்கேன் விளக்கைக் கீழே வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். மாட்டின் வயிற்றுக்குக் கீழே எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். அந்தப் பூச்சி முதலில் பழைய வலையின் நூலைச் சுருட்டி வாயில் போட்டுக்கொள்ளும். பிறகு காற்றில் ஒரு நூலை விடும். அது எதிரே கம்பத்தில் போய் ஒட்டும். அந்த நூலின் மேலே போய்வந்து அதைப் பலமாக்கும். அப்புறம் சுற்றிலும் சட்டம், அப்புறம் நடுவிலிருந்து சக்கரத்துக்கு ஆரக்கால் வைப்பதுபோல ஒவ்வொரு நூலாக வைக்கும். அப்புறம் நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி அகலமாக ஒரு சுற்று. அது வெறும் சாரம்தான். கொத்தனார் கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பதுபோல, வெளியிலிருந்து உள்ளே பசை நூலைச் சுற்றிக்கொண்டு வரும்போது அந்தச் சாரத்தைத் தானே தின்றுவிட்டு வரும்.

ஒருநாள் விடாமல் நான் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்? என்றைக்காவது அந்தப் பூச்சி கோணலாகக் கட்டாதா, பாதியில் விட்டுவிட்டு ஓடிப் போகாதா என்றுதான் பார்த்தேன். சனியன், ஒருநாள்கூடத் தப்புப் பண்ணவில்லை. அவளைப் போலவே இருந்தது.

மாடு உதைத்து ஒருநாள் பால் கொட்டிப் போனதற்கும் இதுதான் காரணம். அம்மாவிடம் நான் மாட்டை ஈ கடித்தது என்று சொன்னேன்.

தங்கையின் அடுத்த வேலையைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம். வலையைப் பெயர்த்துக் காகிதத்தில் எடுக்க முகப் பவுடரையும் கோந்தையும் பயன்படுத்தச் சொல்லியிருந்தார் சார். பவுடர் கட்டி கட்டியாக விழுந்து வலையை அறுத்தது. கோந்து கறையாகப் படிந்தது. இவள் என்ன செய்தாள் தெரியுமா? கோலத்துக்கு வைத்திருந்த அரிசி மாவை மெல்லிய துணியில் சலித்து, உள்ளங்கையில் வைத்து மெதுவாக ஊதினாள். நூல்நூலாக வெள்ளை படிந்து வலை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. கறுப்புக் காகிதத்தில் துணிக்குப் போடுகிற கஞ்சியை நீர்க்கத் தடவி, பாதி காய்ந்ததும் வலைக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒற்றி எடுத்தாள். அப்படியே வந்துவிட்டது. கறுப்பில் வெள்ளை வட்டம்.

அதோடு விட்டாளா? ஒருநாள் சட்டம் மட்டும் கட்டி முடித்ததும் எடுத்தாள். இன்னொரு நாள் ஆரக்கால் முடிந்ததும் எடுத்தாள். இன்னொரு நாள் சாரம். இன்னொரு நாள் பசைச் சுற்று பாதியில் இருக்கும்போது. வரிசையாகச் சுவரில் மாட்டிப் பார்த்தபோது வலை ஒன்று கண்ணெதிரே வளர்வதுபோல இருந்தது. சார் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "அரிசி மாவா! எப்படிம்மா தோணிச்சு உனக்கு?" என்று அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. எனக்கு ஏன் தோன்றவில்லை? நானும்தானே தினமும் வாசலில் கோலம் போடுகிறேன்? அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு.

என் பெட்டியையும் சார் பார்த்தார்.

"இது வேட்டையாடற ஜாதிம்மா. வலை கட்டாது."

"எப்பவுமா சார்?"

"எப்பவும் கட்டாது. அது ஓடிப் பிடிச்சுத் திங்கறது."

தங்கை பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "நான் அப்பவே சொன்னேன் சார், வேற புடிச்சிக்கலாம்னு. அக்கா கேக்கல" என்றாள். சொன்னாள், உண்மைதான். ஆரம்பத்திலேயே சொன்னாள். அவள் சொன்னதால்தான் நான் மாற்றவில்லை. அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நானாகவே நாலு நாளில் அதை விட்டுவிட்டு வேறு பிடித்திருப்பேன்.

இதற்குள் என் பூச்சிக்கு ஒன்று நடந்திருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக, வட்டமாக, தட்டையாக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. "எட்டணாவத் தூக்கி வச்சிகினு கீதுடி" என்றாள் அம்மா, பயந்துகொண்டே. அது முட்டைப் பை என்று சார்தான் சொன்னார். அதைப் பிடித்த நாளிலிருந்து பூச்சி தின்பதையே நிறுத்திவிட்டது. கரப்பானைப் போட்டால் தள்ளிப் போகும். கரப்பான் பையை முகர வந்தால் மட்டும் காலைத் தூக்கி விரட்டும், விரட்டிவிட்டு மறுபடியும் பட்டினி. நாளுக்கு நாள் அதன் உடம்பு சுருங்கியது, பை மட்டும் உப்பியது. வலை கட்டாத பூச்சி என்று தெரிந்த பிறகும் நான் அதைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. எனக்கு வேறு வேலை இல்லை. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

சார் முடிவு செய்தார். பேசுவது தங்கை. நான் உதவிக்கு. "உன் பெட்டியையும் எடுத்துட்டு வா, ஓரமா வைக்கலாம்" என்றார். ஓரமாக வைக்க வேண்டியதாம். வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அழுதேன். அம்மா பார்த்துவிட்டு, "உடுடி, நீ ஊட்ல இருந்தாதான் எனக்கும் தெம்பு" என்றாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

கண்காட்சிக்கு முந்தின நாளே படங்களையெல்லாம் திருவள்ளூர் மண்டபத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சார் அந்தக் கறுப்புக் காகிதங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் நாங்கள் பஸ் ஏறினோம். தங்கை எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, வெள்ளைத் தாவணி போட்டு, பேசப் போவதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெரியபாளையத்தில் கூட்டம் ஏறி ஒரு ஆள் என் பெட்டியின் மேல் சாயப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டினேன். அதற்குப் பிறகு எங்கள் சீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை.

மண்டபத்தில் எங்கள் மேஜையைக் கண்டுபிடித்து, சார் முதல் சுருளைப் பிரித்தார்.

காகிதம் முழுவதும் சிவப்புச் சிற்றெறும்பு. ராத்திரி முழுவதும் வந்து தின்றிருக்கின்றன. அரிசி மாவும் கஞ்சியும், வேறென்ன வேண்டும் அவற்றுக்கு? வாசலில் மாவுக்கோலம் போடுவதே எறும்புக்குத்தான் என்று எங்கள் வீட்டில் எத்தனை தடவை பேசியிருப்போம்! அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, படித்த சாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது சுருள், மூன்றாவது சுருள், எல்லாவற்றிலும் அதே கதி. அங்கங்கே ஒரு துண்டு வெள்ளை, மீதி வெறும் கறுப்பு. தங்கை கையால் எறும்பைத் தட்டப் போய் மிச்சம் இருந்ததையும் தேய்த்துவிட்டாள். கையெல்லாம் கடித்தது. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

சந்தோஷப்பட்டாயா என்று கேட்டால், பட்டேன். மனசு ஒரு குதி குதித்தது. அடுத்த நொடி அவள் முகத்தைப் பார்த்தேன், அந்தக் குதி அடங்கிவிட்டது. ஆனால் குதித்தது என்னவோ நிஜம்.

நடுவர்கள் வந்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு காலேஜ் வாத்தியாரம்மா, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் பேனாவோடு. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தலைப்பு சிலந்தியா எறும்பா?" என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா பேச்சுக்குத்தான் சொன்னார். என் தங்கையின் வாய் அதோடு மூடிக்கொண்டது. எனக்குத் தோற்றுப் பழக்கம் உண்டு. நாலு பேர் சிரித்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியவே தெரியாது.

சார் என் தோளைத் தொட்டார். "பெரியவளே, நீ சொல்லு."

சொன்னேன். வெறும் கறுப்புக் காகிதத்தின் மேல் விரலை வைத்து, இங்கேதான் முதல் நூல், இது காற்றில் வந்து ஒட்டும், இது சட்டம், இதோ ஆரக்கால், இது சாரம், இதைக் கடைசியில் அதுவே தின்றுவிடும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எந்த நூலுக்குப் பிறகு எந்த நூல் என்று ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. வெறுத்து வெறுத்துப் பார்த்தது அப்படி மனசில் பதிந்திருந்தது. அந்த அம்மா பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பெட்டியைக் காட்டி, "இது?" என்றார்.

"இது வலை கட்டாதுங்க. கட்டும்னு நெனச்சித்தான் புடிச்சேன். ஏமாந்துட்டேன்."

"கட்டாதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் ஏன் வச்சிருக்கே?"

"முட்டைய வச்சிகினு பட்டினி கெடக்குதுங்க. எதுனா துன்னுமான்னு தெனிக்கும் போட்டுப் பாக்கறேன். துன்ன மாட்டேங்குது. எம்மாம் நாளு தாங்கும்னு தெரியல."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கூட வந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் பின்னால் என் தங்கை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் பரிசு வேறு ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் போனது. எங்கள் தலைப்புக்கு மூன்றாவது பரிசு. ஒரு மசிப்பேனா, ஒரு சர்டிபிகேட். பேசியவள் பேர் என்ன என்று கேட்டு எழுதினார்கள். என் பேரை எழுதினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில்தான் பேசினாள்.

"அது என் பூச்சி."

"நானும்தான் பாத்தேன்."

"நீ மாடு கறந்துகினு இருந்த."

"மாட்டுக்கு இந்தாண்ட இருந்தா கண்ணு தெரியாதா?"

"சாரம்னு நான்தானே பேர் வச்சேன். கொத்தனாரு கட்ற சாரம்னு நான்தானே உன்னாண்ட சொன்னேன்."

இருக்கலாம். அவள் சொல்லித்தான் எனக்கு அந்தச் சொல் வந்ததா, நானாக நினைத்தேனா, அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. இப்போதும் நாங்கள் சண்டை போட்டால் அவள் இந்தச் சாரத்தைத்தான் எடுப்பாள். நான் திருடினேன் என்பாள். கண்ணால் பார்த்ததைச் சொல்வது திருட்டா? அவள் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் ஏன் பேசப் போகிறேன்?

நைனா சர்டிபிகேட்டை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தார். என் பேர் வந்ததும் நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு, "இன்னாய்யா இது, எறும்பு துன்னதுக்கு அவ இன்னா பண்ணுவா? படிக்கிறவ சின்னவதான்யா" என்றாள்.

"சொன்னது சொன்னதுதான்" என்றார் நைனா. ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள். தங்கை மட்டும் பார்க்கவில்லை, தம்பிக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சர்டிபிகேட்டை வாங்கி என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். நீ விட்டுக் கொடுத்திருக்கலாமே என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் சொல்வதுண்டு. ஏன் கொடுக்க வேண்டும்? பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை எனக்கு விழுந்தது. அதையும் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டு நான் சாணி அள்ள வேண்டுமா?

கண்காட்சி முடிந்த வாரத்தில் ஒருநாள் பெட்டிக்குள் பொரிந்தது. பூச்சி தானே பையைக் கிழித்துவிட்டது. கண்ணாடி முழுவதும் கடுகைவிடச் சின்னதாகக் குஞ்சுகள் ஓடின. "ஐயோ, இங்க வாயேன்!" என்று என்னை அறியாமல் அவளைக் கூப்பிட்டுவிட்டேன். அவள் ஓடிவந்து என் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தாள். "எத்தினி!" என்றாள். சிரித்தாள்கூட. பிறகு அவளுக்கு நினைவு வந்துவிட்டது. எழுந்து போய்விட்டாள். நான் பெட்டியைக் கொட்டகைக்கு எடுத்துப் போய்த் திறந்துவிட்டேன். தாய்ப் பூச்சி அன்று ராத்திரியே ஒரு கரப்பானைப் பிடித்தது.

பதினொன்றின் முடிவில் எழுதிய எஸ்.எஸ்.எல்.சி.யில் இருவரும் பாஸ். அவள் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே முதல். நான் எத்தனை என்று சொல்ல வேண்டாம், மெட்ராஸில் ஒரு பெண்கள் காலேஜில் இடம் கிடைக்கிற அளவுக்கு வாங்கியிருந்தேன். நைனா சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். காலேஜ் திறந்த அன்று அவள் விடியற்காலையிலேயே எழுந்து எனக்குப் புளிச்சோறு கிளறி டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "லேட்டாவுது, போ" என்றாள். மாட்டைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றாள்.

மத்தியானம் புதுப் பெண்களோடு மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்தேன். உப்பு. கை நிறைய அள்ளிக் கொட்டியிருக்கிறாள். நாக்கு வெந்துபோகிற உப்பு. சமையலில் அவளுக்குக் கை தப்பியதே கிடையாது, அம்மாவே அவளைத்தான் ருசி பார்க்கக் கூப்பிடுவாள். தெரிந்துதான் போட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு என் மேல் பொறாமை! இத்தனை வருடம் நான் தின்றுகொண்டிருந்ததை இன்றைக்கு எனக்கே கட்டிக் கொடுத்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர் வர வர, பக்கத்தில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தின்றதில்லை.

சாயங்காலம் கழுவுவதற்கு டப்பாவை வாங்கியவள் திறந்து பார்த்தாள். காலியாக இருந்தது.

"எப்டி இருந்திச்சி?"

"நல்லா இருந்திச்சி."

திட்டுவாள், சண்டைக்கு வருவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள்.

மறுநாளும் புளிச்சோறுதான். உப்பு சரியாக இருந்தது, அவளுக்கு என் மேல் கோபம்கூட இல்லை என்பதுபோல. அதை என்னால் தின்ன முடியவில்லை.